பட்டதாரிப் பிள்ளைக்கு ஒரு பின்னேர விருந்து

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



வைத்தியர் ஒருவர் பேச வருகிறார் என்றதும், இன்றைக்கும் நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான் என்று சிலர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்ததை இங்கிருந்தே பார்த்தோம். பயப்பட வேண்டாம். நாங்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு விருந்து. பட்டம் பெற்று வீட்டுக்கு வரும் ஒரு பிள்ளைக்கு மகிழ்ச்சியான ஒரு விருந்தை எப்படித் திட்டமிடுவது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். சாப்பாட்டுப் பகுதி வரும்போது நீரிழிவும் தானாக வந்து சேரும்.

நூற்றாண்டு மேடையில் இது ஒரு சின்ன விடயமாகத் தோன்றலாம். எங்கள் சங்கம் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது, விடுதிக் கட்டணம் கட்டுகிறது, புத்தகம் வாங்கிக் கொடுக்கிறது. அதெல்லாம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளை படித்து முடித்துப் பட்டம் வாங்கும் நாளில் என்ன நடக்கிறது என்று நாங்கள் அதிகம் யோசிப்பதில்லை. அது அவர்கள் வீட்டு விடயம் என்று விட்டுவிடுகிறோம். அந்த வீட்டிலோ, என்ன செய்வது, எப்படிச் செய்வது, ஊர் என்ன சொல்லும் என்று மூன்று மாதத்துக்கு முன்பே நித்திரை போய்விடுகிறது.

இந்த நாட்டில் 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பெயரோடு நாங்கள் எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்த விடயம். 1974 இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. இவை இரண்டும் நடந்திராவிட்டால் இன்று இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனை பேர் பட்டதாரிகளாக இருந்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பெண்பிள்ளை பட்டம் பெறுவது அந்தப் பிள்ளையின் கெட்டித்தனம் மட்டுமல்ல. பலர் சேர்ந்து சுமந்த சுமை ஓரிடத்தில் இறக்கி வைக்கப்படுகிறது. அதைக் கொண்டாடுவது வீண் ஆடம்பரம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

எங்கள் வகுப்புக்கு அப்படிக் கொண்டாட வாய்க்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நாங்கள் உயர்தர வகுப்பு மாணவிகள். திரும்பி வந்து, பரீட்சை எழுதி, காத்திருந்து, பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் பெற்ற நாட்களில் வீட்டில் புக்கை பொங்கினார்கள், கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போனோம், படம் எடுத்தோம், அவ்வளவுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், வகுப்புத் தோழிகள் பதினொரு பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு தங்கையின் பல்கலைக்கழகப் படிப்புக்குக் கைகொடுத்தபோது, கடைசி நாளையும் ஒழுங்காகச் செய்து முடிக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு விருப்பம் இருந்தது.

அந்தத் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடமும் தாயாரிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பின்தான் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். கிளிநொச்சி மாவட்டம், ஏ35 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். 2009 இல் தந்தையை இழந்தவர். அதே ஆண்டு மெனிக் பாம் முகாமில் இருந்தபடியே ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி, அடுத்த ஆண்டு எங்கள் பாடசாலையின் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, விடுதியில் தங்கிப் படித்தார். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், அறிவியல் நகர். நான்கு வருடப் படிப்பு கொரோனாவாலும் 2022 இன் பொருளாதார நெருக்கடியாலும் நீண்டுகொண்டே போனது. சென்ற வருடம் பட்டமளிப்புத் திகதி அறிவித்தார்கள்.

அந்தச் செய்தி வந்த கிழமையே உறவினர் ஒருவர் மண்டபம் பார்த்துவிட்டார். மேடை அலங்காரம், வாசலில் பெரிய பதாகை, வீடியோ, 200 பேருக்குச் சாப்பாடு. மொத்தம் 4 இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட. பணம் எங்கே என்று கேட்டால், கடன் எடுக்கலாம், பிள்ளை வேலைக்குப் போய்க் கட்டும் என்று பதில். வன்னியில் நுண்கடன் என்ற சொல்லை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு வருபவருக்குப் பயந்து பின்வாசலால் போன தாய்மாரை நாங்கள் அறிவோம். இன்னும் வேலை கிடைக்காத ஒரு பட்டதாரியின் தலையில், பட்டம் கிடைத்த அன்றே கடனை ஏற்றுவது என்ன கொண்டாட்டம்?

ஆனாலும் அந்த உறவினரை நாங்கள் குறை சொல்லவில்லை. அவருடைய ஆசை நியாயமானது. தகப்பன் இல்லாத பிள்ளை என்று ஒருவரும் குறைவாகப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அவர் மனதில் இருந்தது. அதனால் முதலில் நாங்கள் செய்தது, பிள்ளையைத் தனியே இருத்திக் கேட்டது: "உமக்கு என்ன விருப்பம்?"

பெற்றோர்களே, விருந்து திட்டமிடுவதில் முதல் வேலை இதுதான். இதைக் கேட்காமலே எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் விழாக்கள் நடந்து முடிந்துவிடுகின்றன. பூப்புனித நீராட்டு விழாவில் பிள்ளையைக் கேட்பதில்லை. கலியாணத்தில் அரைகுறையாகக் கேட்கிறோம். பட்டம் அப்படியல்ல. அது பிள்ளை தானாக உழைத்துப் பெற்றது. அந்த நாளில் யார் வர வேண்டும், எங்கே நடக்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை சொல்லட்டும்.

அவர் மூன்று விடயம் சொன்னார். மண்டபம் வேண்டாம், எங்கள் வளவில் நடக்கட்டும். கூழ் காய்ச்ச வேண்டும். விளக்கை அம்மா ஏற்ற வேண்டும்.

முதல் இரண்டும் இலகுவானவை. மூன்றாவது இலகுவானதல்ல என்று இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். கணவனை இழந்த பெண் மங்கல காரியத்தில் முன்னுக்கு நிற்பதில்லை என்ற வழக்கத்தை எந்தப் புத்தகத்தில் படித்தோம் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வீடு அது நடக்கிறது. போருக்குப் பின் எங்கள் மாகாணத்தில் எத்தனை ஆயிரம் வீடுகளில் பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர் தாய் ஒருவர்தான். அந்தப் பிள்ளைகள் பட்டம் பெறும்போது, வளர்த்தவர் குசினிக்குள் நிற்க, வேறு யாரோ விளக்கேற்றுகிறார்கள், வேறு யாரோ ஆலாத்தி எடுக்கிறார்கள்.

நாங்கள் தாயாரிடம் கேட்டோம். "அது சரிவராது அக்கா. நல்ல காரியத்தில நான் முன்னுக்கு நிக்கிறேல்லை. பிள்ளைக்கு ஒண்டும் வந்திடக் கூடாது" என்றார். இதில் எங்களுடைய படிப்பும் விளக்கமும் எடுபடவில்லை. அவர் பயந்தது தனக்காக அல்ல, பிள்ளைக்காக. அந்தப் பயத்தோடு வாதாட முடியாது.

வழியைக் கண்டுபிடித்தது மகள்தான். "அம்மா, ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீட்டில விளக்கு வைக்கிறது ஆர்? நீங்கள்தானே. அண்டைக்கும் அதைத்தானே செய்யப் போறீங்கள்" என்றார். அதன்படியே நேரத்தை மாற்றினோம். பகல் 12 மணி விருந்து என்று முதலில் இருந்தது. அதைப் பின்னேரம் 4 மணிக்குத் தொடங்கி, விளக்கு வைக்கும் நேரம் நடுவில் வரும்படி வைத்தோம். தனியாக மங்கல விளக்கேற்றல் என்று நிகழ்ச்சி நிரலில் ஒன்றும் போடவில்லை. யார் ஏற்றுவது என்ற கேள்வியே எழவில்லை. திட்டமிடுதல் என்பது செலவைக் குறைப்பதற்கு மட்டுமல்ல, இப்படியான முடிச்சுக்களை அவிழ்ப்பதற்கும்தான் என்பதை அன்று அந்தப் பிள்ளையிடம் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

இனி ஒவ்வொன்றாக வருவோம். நாள் எது? பட்டமளிப்பு விழா கைலாசபதி கலையரங்கில் பல அமர்வுகளாகச் சில நாட்களுக்கு நடக்கும். உள்ளே அழைத்துச் செல்லக்கூடியவர்கள் எண்ணிக்கை மட்டாகவே இருக்கும். பாட்டி, மாமா, சித்தி, அயலவர் என்று வாகனம் பிடித்துக்கொண்டு போய் வாசலில் வெய்யிலில் நிற்க வைக்காதீர்கள். அன்றைய நாளைத் தாய்க்கும் பிள்ளைக்கும் விட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு விருந்து இருக்கிறது. அங்கி திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் என்பதால், அங்கியோடு யார் யாருடன் படம் வேண்டும் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள். நாங்கள் விருந்தை அடுத்த நாள் வைத்தோம். காரணம், கூடப் படித்தவர்கள் ஹற்றனிலிருந்தும் கல்முனையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் அந்த நாட்களில்தான் யாழ்ப்பாணம் வந்திருப்பார்கள். ஒரு மாதம் கழித்து அழைத்தால் யாரும் வர மாட்டார்கள்.

யாரை அழைப்பது? ஒரு பயிற்சிக் கொப்பியைக் கொடுத்து, "உம்மைப் படிக்க வைத்தவர்களின் பெயர்களை எழுதும்" என்றோம். உறவினர் பட்டியல் பிறகு வரட்டும். முதலில் வந்த பெயர்களைப் பார்த்தபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை. முகாமில் கூடாரத்துக்குள் புலமைப்பரிசில் வகுப்பு எடுத்த ஆசிரியர். காய்ச்சல் வந்த நேரம் விடுதியில் கஞ்சி வைத்துக் கொடுத்த சமையற்கார அக்கா. கொப்பியும் பேனையும் கடனுக்குக் கொடுத்துவிட்டு ஒருநாளும் திருப்பிக் கேட்காத கடைக்கார ஐயா. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் இரவு வகுப்பு முடிந்து வரும்போது ரோச் லைற்றோடு சந்தியில் நின்ற அயல்வீட்டு அண்ணா. மண்டபத்துக்கான 200 பேர் பட்டியலில் இவர்களில் ஒருவர் பெயரும் இருந்திருக்காது. கடைசியில் 52 பேர் என்று முடிவானது. முதல் வரிசைக் கதிரைகள் அந்தக் கொப்பியில் முதலில் எழுதப்பட்டவர்களுக்கு.

அழைப்பில் என்ன எழுதுவது என்பதும் யோசிக்க வேண்டியது. கூடப் படித்தவர்களில் எல்லோரும் அந்த முறை பட்டம் பெறவில்லை. ஒரு பாடத்தைத் திரும்ப எழுத வேண்டியிருந்த தோழி ஒருவர் வரத் தயங்கினார். அதனால் பதாகை அடிக்கவில்லை, எந்த வகுப்புச் சித்தி என்பதை எங்கும் போடவில்லை. "எங்கள் வீட்டில் கூழ், வாங்கோ" என்று கைத்தொலைபேசியில் ஒரு வரி அனுப்பினோம். அந்தத் தோழி வந்தார். வந்தது மட்டுமல்ல, பானையைத் துழாவுகிற வேலையை வேறு யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. பரீட்சைப் பெறுபேறுக்காக முகம் கொடுக்க முடியாமல் அறைக்குள் கதவைப் பூட்டிக்கொள்ளும் பிள்ளைகளை நாங்கள் எங்கள் தொழிலில் சந்திக்கிறோம். அவர்களை ஒரு விருந்துக்குக் கூப்பிடுவது மருந்து அல்ல. ஆனால் கூப்பிடாமல் விடுவது காயம்.

இப்போது சாப்பாடு. ஒடியற்கூழைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒடியல் மாவை ஊறவிட்டு, மேல்நீரை வடித்துக் கசப்பைப் போக்கி, மீன், நண்டு, றால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் சேர்த்து ஒரே பானையில் காய்ச்சுவது. விருந்துக்கு இதைவிட நல்ல சாப்பாடு இல்லை என்பதற்கு எங்களிடம் வைத்தியக் காரணமும் உண்டு. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடாக வைப்பதென்றால் 60 பாகை செல்சியசுக்கு மேலும் குளிராக வைப்பதென்றால் 5 பாகைக்குக் கீழும் வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மத்தியான விருந்துக்கு விடிய 5 மணிக்கு வடித்த சோறு அந்தக் கணக்கில் எங்கே நிற்கும்? ஆறிய சோற்றில் வளரும் ஒருவகைப் பற்றீரியா விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. கலியாண வீட்டுச் சாப்பாடு வயிற்றைக் குழப்பியது என்று அடுத்த நாள் எங்களிடம் வருபவர்கள் பலர். கூழ் அப்படியல்ல. கொதிக்கக் கொதிக்க அடுப்பிலிருந்து நேரே கைக்கு வருகிறது.

இரண்டு பானை வைத்தோம். ஒன்று மீன் போட்டது, மற்றது மரக்கறி. அகப்பையும் வேறு வேறு. நண்டும் றாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உதடு வீங்கும், மூச்சு முட்டும். அழைக்கும்போதே கேளுங்கள். எங்கள் விருந்தில் அப்படி ஒருவர் இருந்தார், அதனால் மீன் பானைக்குள் நண்டும் றாலும் போடாமல் புறம்பாகப் பொரித்து வைத்தோம். இறைச்சி சேர்க்காததால் கல்முனைத் தோழிக்கும் சங்கடம் இல்லை. குருநாகல் தோழி முதல் வாய் குடித்துவிட்டுக் கண்ணில் நீர் வர நின்றார். உறைப்பு. இரண்டாவது தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

நீரிழிவு இதோ வந்துவிட்டது. கேக்கைச் சின்னத் துண்டாக வெட்டுங்கள். சோடாவுக்குப் பதிலாக மோர், தேசிக்காய்த் தண்ணீர், இளநீர் வையுங்கள். "இண்டைக்கு ஒரு நாள்தானே" என்று வயதானவர்களின் வாயில் லட்டு ஊட்டுவதை நிறுத்துங்கள். அவர்களுக்கு அப்படியான "ஒரு நாள்" மாதத்தில் பத்து வருகிறது. குடிக்கும் தண்ணீர் கொதித்தாறியதாக இருக்கட்டும். பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டி, தட்டு எல்லாம் 2023 ஒக்டோபர் 1 முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டவை. கூழுக்குப் பிலாவிலை இருக்கும்போது அவை எதற்கு? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சாக்கு பிலாவிலை கொண்டு போனோம். ஈர்க்குக் குத்தி மடிக்கும் போட்டி ஒன்றே அரை மணித்தியாலம் போனது. வளவில் எறிந்த கோப்பைக்குள் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகுவதைப் பற்றி மார்கழி மாதத்தில் எங்கள் வைத்தியசாலைகளின் டெங்கு வாட்டுகளில் கேளுங்கள்.

மதுபானம் இல்லை என்று பிள்ளையே சொல்லிவிட்டார். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். வயது வந்தவர்களும் குடித்துவிட்டு இரவில் மோட்டார் சைக்கிளில் போகும்போது ஏ35 இலும் ஏ9 இலும் வீதியின் நடுவே மாடுகள் படுத்திருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுக் கடமை செய்தவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் ஒரு வான் பிடித்து, தோழர் தோழியரை ஒன்றாகக் கொண்டு போய் ஒன்றாகக் கொண்டு வந்தோம். அயலில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஒலிபெருக்கி வேண்டாம். இரவு 10 மணிக்குப் பின் பொதுவாக அதற்கு அனுமதியும் இல்லை.

ஒலிபெருக்கி இல்லாமல் என்ன கும்மாளம் என்று தங்கைகள் கேட்பது கேட்கிறது. முதலில் கிளித்தட்டு. தாய்மார் ஒரு பக்கம், பட்டதாரிகள் மறுபக்கம். தாய்மார் வென்றார்கள். பிறகு யானைக்குக் கண் வைத்தல். சமையற்கார அக்கா யானையின் வாலில் கண் வைத்தார். பிறகு பாட்டுக்குப் பாட்டு. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீத் அவர்கள் நடத்தக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கும், கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்கும் தலைமுறைக்கும் இடையில் போட்டி வைத்தால் இரண்டு மணித்தியாலம் போவதே தெரியாது. குருநாகல் தோழிக்குச் சிங்களப் பாட்டுப் பாட அனுமதி. நடுவராக முகாமில் படிப்பித்த ஆசிரியர்.

இன்னொரு விதி வைத்தோம். வாசலில் ஒரு உண்டியல். "அடுத்தது என்ன? வேலை கிடைச்சிட்டுதோ? எப்ப கலியாணம்?" என்று பட்டதாரிகளைக் கேட்பவர்கள் ஒரு கேள்விக்கு 100 ரூபா தண்டம் கட்ட வேண்டும். மண்டபம் பார்த்த அதே உறவினர் முதல் அரை மணித்தியாலத்தில் 300 ரூபா கட்டினார். பிறகு அவரே உண்டியலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்து மற்றவர்களிடம் வசூலித்தார். சேர்ந்த பணம் சின்னப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீமாகப் போனது. சிரிப்புக்குச் செய்ததுதான், ஆனால் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு பின்னேரமாவது மூச்சுவிட இடம் கிடைத்தது.

அன்பளிப்புக் கடித உறைகள் வேண்டாம், விரும்பினால் ஒரு கன்று கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தோம். விவசாயம் படித்த பிள்ளை அல்லவா? மா, தேசி, கொய்யா, மாதுளை, ஒரு கறுத்தக்கொழும்பான் ஒட்டுக் கன்று என்று 30 கன்றுக்கு மேல் சேர்ந்தது. மொத்தச் செலவு வான் கூலியும் சேர்த்து 68,000 ரூபா. அதைப் பதினொரு பேர் பங்கிட்டோம். கடன் இல்லை.

ஆறு மணி தாண்டி, வெய்யில் தாழ்ந்தது. தாயார் கிணற்றடிக்குப் போய்க் கால் முகம் கழுவி, திருநீறு பூசி, வழமைபோல் சாமித் தட்டுக்கு முன் நின்று விளக்கை ஏற்றினார். அன்று அந்த விளக்கை மகள் முன்விறாந்தையில் வைத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். பாட்டும் சத்தமும் தானாக நின்றன. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் எழுந்து வந்து விளக்கின் முன் கும்பிட்டவர் தாயாரின் மாமியார், அந்தப் பிள்ளையின் அப்பம்மா. பிறகு தாயாரே அகப்பையை எடுத்து முதல் பிலாவிலைக் கூழை மகளுக்கு வார்த்தார். மகள் அதை முகாம் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை. இன்று அவர் ஒரு விவசாயப் பண்ணையில் வேலை செய்கிறார்.

சங்கத்திடம் நாங்கள் இரண்டு விடயங்களை முன்வைக்க விரும்புகிறோம். ஒன்று, நூற்றாண்டு நினைவாகக் கட்டடங்களோடு சேர்த்து ஒரு சின்ன விருந்துப் பெட்டகமும் சங்கத்துக்கு வேண்டும். இரண்டு பெரிய பானை, அகப்பைகள், 60 கதிரை, பாய்கள், ஒரு குத்துவிளக்கு. பட்டம் பெறும் எந்தப் பழைய மாணவியின் வீட்டுக்கும் வாடகை இல்லாமல் அவை போய் வரட்டும். எங்கள் வகுப்பு அந்த இரண்டு பானையையும் குத்துவிளக்கையும் இன்றே பொறுப்பேற்கிறது. மற்றது, சங்கம் படிக்க வைக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் பட்டமளிப்புக்கு மூன்று மாதத்துக்கு முன் ஒருவர் போய், "உமக்கு என்ன விருப்பம்?" என்று கேட்க வேண்டும். கேட்பவர் மண்டபக்காரருக்கு முன் போய்ச் சேர வேண்டும்.

இங்கே இருக்கும் தாய்மாரில், விளக்குக்குக் கிட்டப் போகாமல் பின்வரிசையில் இருந்து பழகியவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளை பட்டம் பெறும் நாளில் அவர் உங்களை முன்னுக்கு வரச் சொன்னால், மறுக்காதீர்கள். அது அவருடைய விருந்து. தங்கைகளே, அம்மா மறுத்தால் கோபிக்காதீர்கள், வாதாடவும் வேண்டாம். பின்னேரம் நாலு மணிக்குக் கூழ் வையுங்கள்.